பாட்டு சிடியும் கம்ப்யூட்டரும்: வாசகர் கேள்வி – பதில்

ஆடியோ சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்பது, அதிலிருந்து பாட்டைப் பிரித்து எடுத்து வைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக் கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான். அதனால் முதல் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் நல்லது.

கேள்வி: பாட்டு சிடியைத் திறந்தால் டிராக் 01, டிராக் 02 என்று வரிசையாகப் பதினான்கு ஃபைல் தெரிகிறது. அத்தனையையும் பென் டிரைவில் காப்பி செய்தேன்; கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சிடி உள்ளே இருந்தவரை பாடியது. சிடியை வெளியே எடுத்ததும் ஒன்றுமே பாடவில்லை. வைரஸ் வேலையா?

பதில்: வைரஸ் இல்லை. நீங்கள் காப்பி செய்ததில் பாட்டே இல்லை. அந்த ஃபைல் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள்: அளவு 44 பைட் என்று இருக்கும். ஐந்து நிமிடப் பாட்டானாலும் 44, அரை நிமிட இசையானாலும் 44. அந்த 44 பைட்டுக்குள் இருப்பது டிராக் எண், சிடியை அடையாளம் காண ஓர் எண், அந்த டிராக் சிடியில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்கிற கணக்கு, இவ்வளவுதான். வீட்டு முகவரியைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனது மாதிரி. பிளேயர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு சிடியிலிருந்து பாட்டைப் படிக்கும். சிடி இல்லையென்றால் சீட்டால் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 44 பைட் ஃபைலும் சிடியில் கிடையாது. சிடியைப் போட்டதும் விண்டோஸ் தானாகத் தயாரித்துக் காட்டுவது அது. ஆடியோ சிடிக்கான விதிகளை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் வகுத்தபோது அது ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கிற பிளேயருக்காக வகுக்கப்பட்டது. ஃபைல், ஃபோல்டர் என்ற எண்ணமே அதில் இல்லை. உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை சுருளாகப் போகும் ஒரே நீண்ட கோடு; அதன் தொடக்கத்தில், எந்த டிராக் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடியில் ஆரம்பிக்கிறது என்ற பட்டியல். அதிகபட்சம் 99 டிராக். சிடியில் இருப்பது இவ்வளவே.

ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக, இடது வலது என இரண்டு சேனலுக்கும் பதிந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,76,400 பைட். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 5 கோடியே 29 லட்சம் பைட் சொச்சம், அதாவது ஒரு எம்பிக்கு 10,48,576 பைட் என்ற கணக்கில் 50 எம்பி. இது பென் டிரைவுக்குப் போக ஒரு நொடி போதாது என்பதே உங்கள் காப்பி பொய் என்பதற்குச் சாட்சி.

பாட்டை உண்மையிலேயே எடுக்க வேண்டுமானால் காப்பி கூடாது, ரிப் செய்ய வேண்டும்; அதாவது சிடியிலிருந்து ஒலியைப் படித்து ஃபைலாக எழுத வேண்டும். விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்பில் சிடியைத் தேர்ந்தெடுத்து, ரிப் செட்டிங்ஸ் உள்ளே போய் ஃபார்மட்டை முதலில் மாற்றுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் ஃபிளாக் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வகை), அதற்கு முந்தையது என்றால் வேவ் (சுருக்காத வகை). பிறகு ரிப் பட்டன். ஃபார்மட்டைப் பார்க்காமல் பட்டனை அழுத்திவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. எம்பி3 போல ஒலியில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கி எடுத்தால், விட்டதை மறுபடி மீட்க முடியாது.

கேள்வி: டேட்டா சிடியாக எழுதினால் 650 எம்பி தான் கொள்கிறது. அதே 74 நிமிட சிடியிலிருந்து பாட்டை வேவ் ஃபைலாக எடுத்தால் 740 எம்பிக்கு மேல் வருகிறது. 90 எம்பி எங்கிருந்து வந்தது?

பதில்: நல்ல கணக்கு. அந்த 90 எம்பி எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. டேட்டா சிடியில் அதைக் காவலுக்கு வைத்துவிடுகிறார்கள்.

சிடியில் தகவல் செக்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கிறது. ஒரு நொடிக்கு 75 செக்டர், ஒவ்வொன்றும் 2,352 பைட். பாட்டு சிடியில் 2,352-ம் ஒலிதான். டேட்டா சிடியில் 2,048 பைட் மட்டுமே உங்கள் ஃபைலுக்கு. மீதி 304 பைட்டில், செக்டர் இங்கே தொடங்குகிறது என்று காட்ட 12, செக்டரின் முகவரிக்கு 4, பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க 4, வெறுமனே விட்டது 8, பிழையைத் திருத்த 276. 74 நிமிடத்துக்கு 3,33,000 செக்டர். இரண்டு எண்ணாலும் பெருக்கி எம்பியாக மாற்றிப் பாருங்கள், உங்கள் இரண்டு அளவுகளும் அப்படியே வந்து நிற்கும்.

இந்த 304 பைட்டை நினைவில் வையுங்கள். பாட்டு சிடியில் அது இல்லை என்பதுதான் கீழே வரும் இரண்டு மூன்று தொல்லைகளுக்குக் காரணம்.

கேள்வி: ரிப் செய்த பாட்டில் நடுநடுவே ‘டிக் டிக்’ என்று சத்தம். அதே சிடி சாதாரண பிளேயரில் சுத்தமாகப் பாடுகிறது. டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: உடனே டிரைவை மாற்றிவிடாதீர்கள். முதலில் இரண்டும் எப்படிப் படிக்கின்றன என்று பார்ப்போம்.

பாட்டு சிடியிலும் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு 24 பைட் ஒலிக்கும் 8 பைட் திருத்தத் தகவல் சேர்த்து, அதையும் அடுத்தடுத்து வைக்காமல் சுருளில் தள்ளித்தள்ளித் தூவி வைத்திருக்கிறார்கள். அதனால் கோட்டின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் முழுசாக அழிந்தாலும் ஒரு பிட் கூட இழக்காமல் மீட்டுவிடலாம். அதைவிடப் பெரிய காயம் என்றால், இழந்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஓர் எண்ணை ஊகித்து நிரப்பும். காது அதைக் கண்டுபிடிப்பது அரிது. சாதாரண பிளேயர் செய்வது இதுதான். அதுவும் நிதானமாக, ஒரு மடங்கு வேகத்தில்.

கம்ப்யூட்டர் டிரைவோ 40 மடங்கு, 48 மடங்கு வேகத்தில் பறந்துகொண்டே படிக்கிறது. அந்த வேகத்தில் லேசர் கோட்டைப் பிடித்து வைத்திருப்பதே பாடு. பிளேயரில் பிரச்சினையே தராத கீறல் இங்கே பெரிதாகிவிடும். ரிப் செய்யும்போது ஊகித்து நிரப்பும் வேலையைப் பல டிரைவ்கள் சரிவரச் செய்வதும் இல்லை. டேட்டா சிடியாக இருந்தால் மேலே சொன்ன 276 பைட் காப்பாற்றும், முடியாவிட்டால் ‘படிக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். பாட்டு சிடியில் அந்த இரண்டாவது அரண் இல்லாததால், தவறான எண்ணையே ஒலியாக எழுதிவிட்டு டிரைவ் அடுத்த செக்டருக்குப் போய்விடுகிறது. அதுதான் உங்கள் ‘டிக்’.

செய்ய வேண்டியது:

முதலில் சிடியைத் துடையுங்கள். நூல் உதிராத மென்மையான துணி. நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேர்கோடாக. வட்டமாகத் துடைக்கவே கூடாது: துணியில் ஒரு மணல் துகள் இருந்தால், வட்டமாக இழுக்கும்போது அது கோட்டின் போக்கிலேயே கீறிக்கொண்டு போகும், இரண்டரை மில்லிமீட்டர் எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். நேராக இழுத்த கீறல் கோட்டைக் குறுக்கே வெட்டுவதோடு சரி. விரல் ரேகை போகாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பற்பசை தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், நல்ல இடத்திலும் நுண்கீறல் விழும்.

அடுத்து வேகத்தைக் குறையுங்கள். ரிப் செய்யும் மென்பொருளில் 8 மடங்கு, முடிந்தால் 4 மடங்கு என்று கட்டிப்போடுங்கள். எல்லா டிரைவும் சொன்னபடி கேட்காது என்றாலும் பெரும்பாலானவை கேட்கும்.

மூன்றாவது, ஒரே தடவை படித்துவிட்டுப் போகாத மென்பொருளை வையுங்கள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனோயா. இவை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் கூட ஆகலாம், காத்திருங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பளபளக்கும் பக்கத்துக் கீறலைவிடப் பெயர் அச்சிட்ட பக்கத்துக் கீறல் ஆபத்தானது. பளபளக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேல் பக்கத்தில் அலுமினியப் பூச்சுக்கும் உங்கள் நகத்துக்கும் நடுவே மெல்லிய அரக்குப் பூச்சும் அச்சு மையும் மட்டுமே. சிடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் அலுமினியமே இல்லை. துடைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் எக்ஸ்பி. சிடி சுழல்கிறது, பிளேயரில் நொடி எண் ஓடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் இல்லை. எம்பி3 பாட்டுகள் நன்றாகக் கேட்கின்றன.

பதில்: எம்பி3 கேட்கிறது என்றதுமே ஸ்பீக்கர், சவுண்ட் கார்டு இரண்டும் நலம் என்று தெரிந்துவிட்டது. இனி ஒரு சின்ன சோதனை. டிரைவின் முகப்பில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதில் ஹெட்போனைச் செருகுங்கள். பாட்டு கேட்கிறதா? அப்படியானால் டிரைவும் நலம். நடுவில்தான் தடை.

அந்தக் காலத்து ஐடிஇ டிரைவுக்குள்ளேயே (அகலமான கேபிளில் மதர்போர்டோடு இணையும் பழைய வகை) எண்ணை ஒலியாக மாற்றும் சில்லு ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் ‘இந்த டிராக்கைப் பாடு’ என்று உத்தரவு மட்டும் போடும். டிரைவ் தானே பாடி, அந்த ஒலியை ஒரு மெல்லிய கேபிள் வழியாக சவுண்ட் கார்டுக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டாலும் பாட்டு நிற்காமல் பாடும், அதற்குக் காரணம் இதுதான்.

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து டிரைவின் பின்பக்கம் பாருங்கள். அகலமான 40 ஊசி ஐடிஇ கேபிளுக்கும் மின்சார இணைப்புக்கும் எதிர்ப்பக்க ஓரத்தில், நான்கு ஊசி கொண்ட சிறிய இணைப்பு இருக்கும். நடு இரண்டும் கிரவுண்ட், ஓரங்களில் இடது, வலது சேனல். பக்கத்திலேயே இரண்டு ஊசி இணைப்பு ஒன்றும் இருக்கலாம். அது டிஜிட்டல் ஒலிக்கு, அதில் செருகாதீர்கள். நான்கு ஊசிக் கேபிளின் மறுமுனை சவுண்ட் கார்டிலோ மதர்போர்டிலோ ‘சிடி இன்’ என்று எழுதிய இடத்துக்குப் போக வேண்டும். அது கழன்றிருந்தாலோ, யாரோ டிரைவை மாற்றும்போது கேபிளைப் போட மறந்திருந்தாலோ நீங்கள் சொன்ன அறிகுறிதான் தெரியும். கேபிள் சரியாக இருந்தால் வால்யூம் கண்ட்ரோலில் ‘சிடி ஆடியோ’ மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

கேபிளே கிடைக்கவில்லை என்றாலும் கவலையில்லை. டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸ் என்ற தாவலுக்குள் போய், டிஜிட்டல் சிடி ஆடியோவை இயக்கு என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதன்பின் ஒலி எண்களாகவே ஐடிஇ கேபிள் வழியாக வரும், மாற்றும் வேலையை சவுண்ட் கார்டு பார்த்துக்கொள்ளும். இன்றைய சாட்டா டிரைவ்கள் பொதுவாக இந்த வழியில் மட்டுமே வேலை செய்கின்றன.

டிக் செய்த பிறகு பாட்டு விட்டு விட்டு வந்து, மவுஸும் திணறினால் இன்னொரு இடம் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலருக்குக் கீழே டிரைவ் இருக்கும் சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அங்கே பிஐஓ மோடு (தகவலை ப்ராசசரே நகர்த்தும் மெதுவான முறை) என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. படிப்பதில் ஆறு முறைக்கு மேல் பிழை வந்தால் எக்ஸ்பி தானாக டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓவுக்கு இறங்கிவிடும். பிறகு தானாக ஏறாது. அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி துவக்குங்கள், புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் நிறுத்தும்.

கேள்வி: லினக்ஸில் ஆடியோ சிடியை மவுண்ட் செய்தால் (உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும்படி இணைத்தால்) ஃபைல் சிஸ்டம் தவறு என்கிறது.

பதில்: முதல் பதிலில் சொன்னபடி ஃபைல் சிஸ்டமே இல்லாத இடத்தில் எதை மவுண்ட் செய்வது? மவுண்ட் தேவையில்லை. விஎல்சி பிளேயரில் ‘ஓபன் டிஸ்க்’ போய் ஆடியோ சிடியைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கைச் சிடிராம் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். மேக்கில் பாட்டுகள் ஏஐஎஃப்எஃப் ஃபைல்களாகத் தெரியும். அங்கே மட்டும் இழுத்துப் போட்டாலே முழுப் பாட்டும் காப்பி ஆகும்.

கேள்வி: சிடியைப் போட்டால் படங்களும் ஒரு வீடியோவும் இருக்கும் ஃபோல்டர் மட்டும் தெரிகிறது. பாட்டுகளைக் காணோம்.

பதில்: அந்த சிடியில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் பாட்டு, இரண்டாவதில் டேட்டா. ஃபோல்டர் காட்டும் விண்டோ டேட்டா பகுதியை மட்டும் திறந்து காட்டுகிறது. பிளேயரைத் திறந்து அங்கிருந்து சிடியைப் பாடச் சொல்லுங்கள், பாட்டுகள் வந்துவிடும்.

கேள்வி: பாட்டுப் பெயர்கள் தானாக வருகின்றன. சில சிடிக்கு மட்டும் சம்பந்தமே இல்லாத வேறு ஆல்பத்தின் பெயர் வருகிறது. சிடியில் தவறாகப் பதிந்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலான சிடியில் பெயரே பதிந்திருக்காது. சிடி டெக்ஸ்ட் என்று ஒரு வசதி பிறகு வந்தது. சில சிடிகளில் உண்டு, விஎல்சி அதைப் படிக்கும், விண்டோஸ் மீடியா பிளேயர் தானாகப் படிப்பதில்லை.

உங்களுக்குத் தெரியும் பெயர்கள் இணையத்திலிருந்து வருபவை. டிராக்குகள் எந்தெந்த நொடியில் தொடங்குகின்றன என்ற பட்டியலை வைத்தே மென்பொருள் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அதற்கு என்ன பெயர் என்று கேட்கிறது. சிடிடிபி என்ற பழைய பெயர்ப் பட்டியல் முறையில் அந்த எண் எட்டே இலக்கம். தொடக்க நொடிகளின் கூட்டலில் இரண்டு, மொத்த நீளத்துக்கு நான்கு, டிராக் எண்ணிக்கைக்கு இரண்டு. மூன்று பாட்டு கொண்ட சிடி என்றால், அதே நீளமும் அதே கூட்டலும் கொண்ட இன்னொரு சிடி எங்காவது இருப்பது எளிது. இரண்டுக்கும் ஒரே எண், பெயர் மாறி விழுகிறது. மியூசிக்பிரெய்ன்ஸ் தளம் செக்டர் அளவுக்கு நுணுக்கமாக, நீண்ட எண்ணாகக் கணக்கிடுகிறது. அங்கே இந்தக் குழப்பம் அபூர்வம். இப்படிப் பெயர் தந்துகொண்டிருந்த ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது. பழைய மென்பொருளில் பெயரே வரவில்லை என்றால் அதன் அமைப்பில் இன்னும் ஃப்ரீடிபி முகவரி இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஒரே சிடியை இரண்டு டிரைவில் ரிப் செய்து ஒப்பிட்டேன். இரண்டு வேவ் ஃபைலும் பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். டேட்டா செக்டரில் முகவரிக்கு என்று 4 பைட் இருந்ததே, அது பாட்டு செக்டரில் இல்லை. நேரக் கணக்கு ஒலியோடு ஒட்டாமல் தனிப் பாதையில் வருகிறது. ஒலி, பிழை திருத்தும் தேக்கத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அது கொஞ்சம் நகர்ந்துவிடும். எவ்வளவு என்பது டிரைவின் மாடலைப் பொறுத்தது, ஆனால் ஒரே மாடலுக்கு எப்போதும் ஒரே அளவுதான். 600 சாம்பிள் (ஒலியை ஒரு முறை அளந்தது ஒரு சாம்பிள்) தள்ளி ஆரம்பித்தாலும் ஒரு நொடியில் எழுபதில் ஒரு பங்கைத் தாண்டாது; காதுக்குத் தெரியாது. ஒப்பிடும்போது மட்டும் எல்லா எண்ணும் இடம் மாறித் தெரியும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் உங்கள் டிரைவுக்கான ஆஃப்செட் எண்ணை, அதாவது அது எவ்வளவு நகர்த்துகிறது என்ற எண்ணை, பதிந்துவிட்டு மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். அக்யூரேட்ரிப் வசதியை இயக்கினால், அதே சிடியை மற்றவர்கள் எடுத்தபோது வந்த சரிபார்ப்பு எண்ணோடும் ஒப்பிட்டுச் சொல்லும். ஒத்துப்போனால் அந்த டிராக்கை இன்னொரு முறை எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: இடைவெளியே இல்லாமல் தொடரும் கச்சேரி சிடி. பிரதி எடுத்தால் ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே இரண்டு நொடி அமைதி. ஜீரோ என்று அமைத்தால் அமைதி குறைகிறதே தவிர ஒரு சின்ன வெட்டு இருக்கிறது.

பதில்: இரண்டு நொடி, எழுதும் முறையால் வருவது. ஒவ்வொரு டிராக்காக எழுதி லேசரை அணைத்து அணைத்துப் போட்டால் நடுவில் 150 செக்டர் இடைவெளி விழும். சிடியை ஒரே மூச்சில் எழுதும் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மிச்சமிருக்கும் வெட்டுக்கு, நீங்கள் எம்பி3 ஆக எடுத்து அதிலிருந்து எழுதியிருப்பீர்கள். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் அமைதியை வைத்து நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். கைதட்டல் நடுவே அது துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும். முழு சிடியையும் ஒரே வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாக, டிராக் பிரிவுகளைச் சொல்லும் கியூ ஃபைலோடு எடுத்து, அந்த கியூ ஃபைலை வைத்து எழுதுங்கள். ஒரு சாம்பிள் கூட விடாது.

கேள்வி: பாட்டு கேட்கும்போது டிரைவ் விமானம் கிளம்புவது போல் இரைகிறது.

பதில்: 52 மடங்கு டிரைவ் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்று தாண்டும். பாட்டுக்கு வேண்டியது 200 முதல் 500 சுற்று மட்டுமே. லினக்ஸில் ‘இஜெக்ட்’ கட்டளையிலேயே வேகத்தை 4 மடங்காகக் குறைக்கலாம். இரைச்சலோடு பெட்டியும் அதிர்ந்தால் சிடி மேல் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். சற்றே கோணலாக ஒட்டியிருந்தாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த லேபிளை உரிக்க முயலாதீர்கள். அலுமினியமும் கூடவே வந்துவிடும். மெதுவான வேகத்தில் ஒரு முறை ரிப் செய்துவிட்டு சிடியை எடுத்து வையுங்கள்.

கேள்வி: யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய டிரைவ் வாங்கினேன். சிடியைப் போட்டதும் ‘டக் டக்’ என்று நின்று நின்று சுழன்று, டிரைவே காணாமல் போகிறது.

பதில்: மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் பல டிரைவ்கள் அதைவிட அதிகம் இழுக்கும். முன்பக்கத் துளையையும் ஹப்பையும் தவிர்த்து, பெட்டியின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் மாட்டுங்கள். நீல நிறத்தில் யுஎஸ்பி 3 துளை இருந்தால் அதில், 900 மில்லி ஆம்பியர் கிடைக்கும். டிரைவோடு இரண்டு தலை கொண்ட கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் ‘டக் டக்’ என்றால் வேறு சிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் அப்படியே என்றால் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.